இணையவழிப் பட்டம்: திட்டமிடுவதும் முடிப்பதும்

கல்லூரி வாயிலுக்குள் நுழைந்து பெஞ்சில் அமர்ந்து பாடம் கேட்பவர் மட்டுமே மாணவர் என்ற எண்ணம் மறைந்து வெகு காலமாயிற்று. நம் கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பித்துக் கிடைக்காமல் திரும்பிய தங்கை, தந்தை நோயுற்றதால் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போன அண்ணன், திருமணத்தோடு புத்தகத்தை மூடி வைத்த அக்காள் என ஒருவராவது நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பட்டம் வேண்டும். சிலருக்கு வேலைக்காக, சிலருக்குப் பதவி உயர்வுக்காக, இன்னும் சிலருக்கு மனக்குறை தீர்வதற்காக. இவர்களுக்காகத் திறந்திருக்கும் வழிதான் தொலைநிலைக் கல்வியும் அதன் இளைய பிறப்பாகிய இணையவழிக் கல்வியும்.

தொலைநிலையில் பயில்வோருக்கான ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகளில் பொருளியல் பாடம் நடத்தும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளாகக் கிடைத்து வருகிறது. முதற்பருவத்தின் முதல் வகுப்பில் அறை நிறைந்திருக்கும். மூன்றாம் பருவத்திற்கு வரும்போது பாதி பெஞ்சுகள் வெறுமையாய் இருக்கும். விலகிப் போனவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுள் சிலர் வகுப்பிலேயே சிறந்த கேள்விகளைக் கேட்டவர்கள். சேரும் நாளில் காட்டிய ஆர்வத்தைக் கணக்குப் போடுவதில் அவர்கள் காட்டவில்லை. எனவேதான் இக்கட்டுரையில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

வந்த வழி

தொலைவிலிருந்து படித்துப் பட்டம் பெறுவது புதிய கண்டுபிடிப்பு அன்று. இலண்டன் பல்கலைக் கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே, கல்லூரியில் சேர்ந்து பயிலாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 1962-இல் தில்லிப் பல்கலைக் கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981-லும் இத்துறையில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் பிறந்தன. அன்று தபால்காரர் கொண்டுவந்த பாடக் கட்டு இன்று கைபேசியில் வருகிறது. வாகனம்தான் மாறியிருக்கிறது; படிப்பவர் தனியே அமர்ந்து தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

தொலைநிலைக் கல்வி வேறு, இணையவழிக் கல்வி வேறு என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். தொலைநிலைக் கல்வியில் அச்சிட்ட பாடநூல்கள், கற்றல் மையம், நேர்முக வகுப்பு ஆகியவை உண்டு. ஒரு மாநிலப் பல்கலைக் கழகம் இம்முறையில் தன் எல்லைக்குள்தான் மாணவரைச் சேர்க்கலாம். இணையவழிக் கல்விக்கு அத்தகைய எல்லை இல்லை. அதில் ஒளிப்படப் பாடம், படிப்பதற்கான பாடக் குறிப்பு, ஐயங்களைக் கேட்கும் கலந்துரையாடல், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள் என நான்கு கூறுகள் இருக்க வேண்டுமென்று பல்கலைக் கழக மானியக் குழு விதித்திருக்கிறது. இவ்விரண்டு முறைகளையும் இன்று ஆள்வது 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்குழு வெளியிட்ட விதிமுறைகளே.

பட்டம் செல்லுமா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. முறையாக ஒப்புதல் பெற்ற நிறுவனம், ஒப்புதல் பெற்ற படிப்பு என்றால் ஐயமே வேண்டாம். நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்திற்கு அது இணையானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவாக அறிவித்தது. ஆனால் 'முறையாக' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சேருமுன் நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒப்புதல். பல்கலைக் கழகத்தின் பெயர் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பல்கலைக் கழகம், எந்தப் படிப்பு, எந்தச் சேர்க்கைப் பருவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒப்புதல் வழங்கப்படுகிறது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் தன் இணையதளத்தில் இப்பட்டியலை வெளியிடுகிறது. அதே பல்கலைக் கழகத்தில் பி.காம். படிப்புக்கு ஒப்புதல் இருந்து, நாம் சேர விரும்பும் எம்.எஸ்சி. படிப்புக்கு இல்லாமலும் இருக்கலாம். பட்டியலில் உள்ள வரியைக் கண்ணால் பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும்.

இரண்டாவது, பாடம். எல்லாப் படிப்பையும் வீட்டிலிருந்து படித்துவிட முடியாது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக் கலை, சட்டம், வேளாண்மை போன்ற பட்டங்களுக்கு இவ்வழி மூடப்பட்டிருக்கிறது. முனைவர் பட்டமும் அவ்வாறே. 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் உளவியல், ஊட்டவியல் முதலிய உடல்நலம் சார்ந்த படிப்புகளும் இப்பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஒருவர் இத்தகைய பட்டத்தைத் தபாலில் தருவதாகச் சொன்னால், அவர் விற்பது காகிதம் மட்டுமே.

இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டங்களை வழங்கின. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்தி வைத்து, அவர்கள் தேர்வெழுதித் தேறினால்தான் அவை உயிர் பெறும் என்றது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை அடியோடு இரத்துச் செய்தது. அப்பட்டத்தை நம்பி வேலையும் பதவி உயர்வும் பெற்றவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தேர்வு மண்டபத்தில் அமர வேண்டியதாயிற்று. படித்தவர் உழைப்பு உண்மையானதுதான். ஆனாலும் சேரும் நாளில் பார்க்காத ஒரு வரி அதை விழுங்கிவிட்டது.

மூன்றாவது, வரிசை. தமிழ்நாடு அரசுப் பணியை நாடுவோர் பத்தாம் வகுப்பு, மேல்நிலை அல்லது அதற்கு இணையான படிப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டிப் பெற்ற பட்டம் அங்கே உதவாது. இளங்கலைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலை முறையில் நேராகப் பெற்ற முதுகலைப் பட்டத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பிளஸ் டூவை முடிக்காதவர் முதலில் அதை முடிப்பதே அறிவுடைமை.

நான்காவது, இடைத்தரகர். பல்கலைக் கழகங்கள் தம் படிப்பைப் பிறருக்குக் குத்தகை விடுவது போல் ஒப்படைக்கக் கூடாது என்பது விதி. தொழில்நுட்ப நிறுவனங்களோடு அவ்வாறு கூட்டுச் சேருவதைக் குறித்து மானியக் குழு 2022 ஜனவரியில் எச்சரிக்கையும் விடுத்தது. 'ஓராண்டில் பட்டம்', 'பழைய தேதியில் சான்றிதழ்' என்று பேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். கட்டணத்தைப் பல்கலைக் கழகத்தின் பெயருக்கே நேராகச் செலுத்தி இரசீது பெற வேண்டும். மாதத் தவணை என்று காட்டப்படும் தாள் உண்மையில் கடன் பத்திரமாக இருக்கலாம். முழுவதும் படிக்காமல் கையெழுத்திடலாகாது.

இவற்றோடு இன்னொன்று. மதிப்பலகுகளைச் சேர்த்து வைக்கும் கல்வி மதிப்பலகு வங்கி 2021-இல் ஏற்படுத்தப்பட்டது. நாம் தேறும் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பலகும் அங்கே நம் பெயரில் வரவு வைக்கப்படும். 2024 முதல், தொலைநிலையிலோ இணையவழியிலோ சேரும் மாணவர் அவ்வங்கிக் கணக்கைக் கொண்டு தனி அடையாள எண் ஒன்றையும் பெற வேண்டியிருக்கிறது. ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

நேரக் கணக்கு

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்திற்கு இன்றைய முறையில் 120 மதிப்பலகுகள். தொலைநிலைக் கல்வியில் ஒரு மதிப்பலகு என்பது 30 மணி நேரப் படிப்பு. பாடம் கேட்பது, நூல் படிப்பது, ஒப்படைப்பு எழுதுவது எல்லாம் இந்த 30 மணியில் அடக்கம். 120-ஐ 30-ஆல் பெருக்கினால் 3,600 மணி. இதுதான் பட்டத்தின் உண்மையான விலை. ரூபாயில் கட்டுவது அதற்குப் பிறகுதான்.

ஆண்டுக்கு 52 வாரங்கள் இருந்தாலும், திருவிழா, திருமணம், அறுவடை, காய்ச்சல், குழந்தையின் பள்ளித் தேர்வு என்று பன்னிரண்டு வாரங்களாவது கைநழுவிப் போகும். ஆகவே 40 வாரங்கள் என்று கொள்வோம். மூன்றாண்டில் 120 வாரம். 3,600 மணியை 120-ஆல் வகுத்தால் வாரத்திற்கு 30 மணி. வேறு வேலை இல்லாதவருக்கு இது இயலும். காலை எட்டு மணிக்குப் பனியன் கம்பெனிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புபவருக்கு இது இயலாது.

அப்படியானால் அவர் படிக்கக் கூடாதா? படிக்கலாம், காலத்தை நீட்டிக்கொள்ள வேண்டும். நான்காண்டில் முடிப்பதென்றால் வாரத்திற்கு 22½ மணி. ஐந்தாண்டு என்றால் 18 மணி. ஆறாண்டு என்றால் 15 மணி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் பி.ஏ. பட்டத்தைக் குறைந்தது மூன்றாண்டிலும், கூடியது ஆறாண்டிலும் முடிக்கலாம். வாரத்திற்கு 15 மணி என்பது ஆறு நாட்கள் ஒன்றே முக்கால் மணியும், ஞாயிற்றுக்கிழமை நாலரை மணியும் ஆகும். விடியற்காலை ஒரு மணி, இரவு முக்கால் மணி என்று பிரித்துக்கொண்டால் உழைக்கும் மனிதருக்கும் இது எட்டாத கனியன்று.

நேர்முக வகுப்பில் எனக்குத் தெரிந்து பட்டத்தை முடித்தவர்களுள் பெரும்பாலோர் விரைந்து ஓடியவர்கள் அல்லர். ஒரு பருவத்தில் எத்தனை தாள் எழுத முடியுமோ அத்தனையை மட்டும் எழுதி, மீதியை அடுத்த பருவத்திற்கு என்று மனமறிந்து ஒதுக்கி வைத்தவர்கள். எட்டுத் தாளுக்கும் பணம் கட்டி, எதையும் முழுதாய்ப் படிக்காமல் ஆறில் அரியர் வைத்தவர்கள்தான் மனம் உடைந்து போனார்கள். திட்டமிட்டு ஒதுக்கியது கடனாகாது, தவறவிட்டதுதான் கடன்.

வீட்டில் உள்ள பெண்களைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்ல வேண்டும். 'வீட்டில்தானே இருக்கிறாள், படிக்கட்டும்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருப்பவருக்கு ஓய்வு நேரம் உண்டு என்று யார் சொன்னது? சமையல், தண்ணீர், குழந்தை, முதியோர் என்று அவருடைய நாள் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்றே முக்கால் மணியை யாரும் குறுக்கிடாமல் அவருக்கு ஒதுக்கித் தருவது குடும்பத்தின் பொறுப்பு. கட்டணம் கட்டுவதைவிட இது பெரிய உதவி. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளிலேயே, அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

பணக் கணக்கு

விளம்பரத்தில் காணும் கட்டணம் முழுச் செலவு அன்று. சேர்க்கைக் கட்டணம், ஆண்டு அல்லது பருவக் கட்டணம், தாளுக்கு இவ்வளவு என்ற தேர்வுக் கட்டணம், தேறாத தாளை மீண்டும் எழுதும் கட்டணம், தேர்வு மையத்திற்குப் போய்வரும் பஸ் செலவு, கைபேசி டேட்டா, பாடத்தை அச்செடுக்கும் செலவு, இறுதியில் பட்டச் சான்றிதழுக்கான கட்டணம் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். உதவித் தொகையும் கட்டணச் சலுகையும் உண்டா என்று முதலிலேயே கேட்பது நம் உரிமை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பாடம் நடக்கும் மொழியையும் பார்க்க வேண்டும். தமிழ் வழியில் படிக்க விரும்புவோருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் வாய்ப்பு உண்டு. பிற இடங்களின் இணையவழிப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன.

படிக்கும் முறை

திரையில் பாடம் கேட்பது திரைப்படம் பார்ப்பது போன்றதன்று. ஒரு மணி நேரப் பாடத்தை அப்படியே பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்தது போலத் தோன்றும். மறுநாள் ஒரு வரியும் நினைவிராது. பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை ஏட்டில் சொந்தச் சொற்களில் நான்கு வரி எழுத வேண்டும். எழுத வராத இடமே புரியாத இடம். அங்கே திரும்பிச் சென்று மீண்டும் கேட்க வேண்டும். வகுப்பறையில் ஆசிரியரை நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொல்லத் தயங்குவோம். இங்கே அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. இணையவழிக் கல்வியின் பெரிய வசதி இதுவே.

ஒப்படைப்பை அலட்சியம் செய்யலாகாது. மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வரை தொடர் மதிப்பீட்டிற்கும், குறைந்தது 70 விழுக்காடு பருவத் தேர்வுக்கும் உரியது. பல இடங்களில் இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். தேர்வில் நன்றாக எழுதியும், ஒப்படைப்பைக் காலத்தில் அனுப்பாததால் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்படைப்பின் கடைசி நாளை நாட்காட்டியில் குறிக்கும்போது ஒரு வாரம் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று மின்சாரமும் இருக்காது, இணையமும் வேகமிராது.

தனியே படிப்பவருக்குத் துணை வேண்டும். அதே படிப்பில் உள்ள இரண்டு மூன்று பேர் வாரம் ஒருமுறை கிளை நூலகத்திலோ ஒருவர் வீட்டிலோ கூடி, ஆளுக்கொரு பாடத்தை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். நின்றுவிட நினைப்பவரை மற்ற இருவர் நிற்க விடமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

இணையவழிப் படிப்பு எளிய படிப்பு என்று நினைப்போருக்கு ஒன்று சொல்வேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-ஆம் ஆண்டு தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஐ.ஐ.டி. என்றதும் நினைவுக்கு வரும் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இதற்குக் கட்டாயமில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு முதலில் நான்கு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தேறியவர் அடிப்படை நிலைக்குப் போகிறார். அதன்பின் டிப்ளமோ நிலை, பிறகு பட்ட நிலை. ஒருவர் இடையில் நிற்க நேர்ந்தாலும் அந்த நிலைக்குரிய சான்றிதழோடு வெளியேறலாம். பாடம் வீட்டில், ஆனால் முக்கியத் தேர்வுகளை மையத்திற்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கும் கட்டணச் சலுகை உண்டு. நுழைவது எளிதாக்கப்பட்டிருக்கிறது, தரம் தளர்த்தப்படவில்லை. நல்ல இணையவழிப் படிப்பின் அடையாளம் இதுதான்.

நம் மாணவர்களுக்கு

கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நேரடி வகுப்பில் ஒரு பட்டமும், தொலைநிலை அல்லது இணையவழியில் இன்னொரு பட்டமும் ஒரே காலத்தில் படிக்கலாம் என்று மானியக் குழு 2022 ஏப்ரலில் வழிவிட்டது. ஆனால் மேலே போட்ட மணிக்கணக்கை மறந்துவிட்டு இரண்டு குதிரையில் ஏறக் கூடாது. முதலில் சிறிய அளவில் தன்னைச் சோதித்துப் பார்ப்பதே நல்லது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்கள் உள்ளன. சேர்ந்து படிக்கக் கட்டணமில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். ஒரு எட்டு வாரப் பாடத்தை ஒரு வாரமும் விடாமல் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடித்தால் மூன்றாண்டுப் படிப்பையும் உங்களால் முடிக்க முடியும். முடியாவிட்டால், பணம் கட்டுமுன்னே உங்கள் நாளில் எதை மாற்ற வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டீர்கள்; அதுவும் இலாபமே.

தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா 1940-களில் சட்டம் படிக்கத் தொடங்கினார். போராட்டமும் சிறையும் குறுக்கிட்டன. சிறைக்குள்ளிருந்தே தொலைநிலையில் படித்து, 1989-இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிந்திப் பெற்ற பட்டம் தாழ்ந்த பட்டம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இம்மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பை விட்ட அண்ணனோ அக்காளோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: வாரத்திற்கு எத்தனை மணி ஒதுக்க முடியும், அந்த வேகத்தில் எத்தனை ஆண்டு ஆகும், மொத்தம் எவ்வளவு பணம் செலவாகும். மானியக் குழுவின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே உங்கள் கைபேசியில் பார்த்துச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கும் ஒருவர், படிக்க முடியாமற்போன ஒருவருக்குச் செய்யக்கூடிய உதவி இது. இதற்கு அரை மணி நேரம் போதும்.